நிகண்டும் மேன் பக்கமும்: கட்டளைகளை அடுக்குவதன் அரசியல்

1

பார்வை நூல்களை நாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை உண்டு, நாவலுக்கு உண்டு, மொழிபெயர்ப்புக்குக்கூட அரைப் பக்கம் ஒதுக்குகிறோம். அகராதிக்கும் கையேட்டுக்கும் அது கிடையாது. அவற்றில் ஆசிரியன் இல்லை, ஆகவே அரசியலும் இல்லை என்ற ஒரு நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஒரு பார்வை நூலின் அதிகாரம் அது சொல்லும் செய்தியில் இருப்பதைவிட அதன் அடுக்கில்தான் கூடுதலாக இருக்கிறது. எந்தக் கேள்வியோடு வருபவருக்கு அது திறக்கும், எந்தக் கேள்வியோடு வருபவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்பும் என்பதை அடுக்கே தீர்மானிக்கிறது.

இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொள்ளும் பிரதி, கணினிக் கட்டளைகளின் கையேடு. யூனிக்ஸ், அதன் வழிவந்த லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் படங்களைச் சொடுக்காமல், ஒரு வெற்றுத் திரையில் சொல்லைத் தட்டி வேலை வாங்கும் முறை உண்டு. தட்டிய சொல்லை வாங்கிப் பொருள் கொண்டு நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எந்தச் சொல் என்ன செய்யும் என்று அறிய, அந்த இயங்குதளத்திலேயே ஒரு கையேடு உள்ளே இருக்கிறது. 'மேன்' என்று தட்டி, இடம் விட்டு, கட்டளையின் பெயரைத் தட்டினால் பக்கம் விரியும். மேனுவல் என்பதன் தலைத்துண்டு அது.

இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வங்கி, வாக்காளர் பட்டியல், ரேஷன் கடை விரல்ரேகை, நாம் இந்தப் பத்திரிகையைப் பக்கம் கட்டும் வேலை வரை எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடும் பொறிகளில் பெரும்பகுதி இந்தக் கட்டளைகளுக்குத்தான் கீழ்ப்படிகிறது. கட்டளை இடத் தெரிந்தவர், சொடுக்க மட்டும் தெரிந்தவர் என்று இரண்டு வகுப்புகள் உருவாகியிருக்கின்றன. முதல் வகுப்புக்குள் போகும் வாசலில் இந்தக் கையேடு நிற்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கோவைக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் அந்த வாசலில் என்ன ஆகிறார்கள் என்பது எனக்கு இலக்கியப் பிரச்சனைதான்.

2

யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் எழுதியது. யூனிக்ஸுக்கு அங்கே கிடைத்த முதல் பெரிய வேலையே ஆய்வகத்தின் காப்புரிமைத் துறைக்கு ஆவணங்களைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டித் தருவதுதான். அதாவது இந்த இயங்குதளம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே எழுத்தர் வேலைக்குப் போய்விட்டது. தன்னைப் பற்றிய கையேட்டைத் தானே பக்கம் கட்டி அச்சிட்டுக்கொண்டது.

அந்தக் கையேட்டில் ஏழு பிரிவுகள். கட்டளைகள், இயங்குதள அழைப்புகள், துணை நிரல்கள், சிறப்புக் கோப்புகள், கோப்பு வடிவங்கள், பயனாளர்கள் பராமரிக்கும் நிரல்கள், கடைசியில் இதர. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரித் தலைப்புகள்: பெயர், தட்டும் முறை, விவரணை, தொடர்புள்ள கோப்புகள், இதையும் பார்க்க, பிழைச்செய்திகள், குறைகள், உரியவர். இந்தக் கட்டுக்கோப்பு கிட்டத்தட்ட அப்படியே இன்றும் நிற்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒரு பார்வை நூல் தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றால் அது சாதாரணம் இல்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது 'குறைகள்' என்ற தலைப்பு. இந்த நிரலில் இன்னது சரியாக வேலை செய்யாது என்று செய்தவரே எழுதி வைக்கும் இடம். நம் மரபில் அவையடக்கம் உண்டு. ஆனால் அது அணி. என் நூலில் குற்றம் இருக்கும், பொறுத்தருள்க என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். எந்தப் பாட்டில் என்ன குற்றம் என்று எந்தப் புலவனும் எழுதி வைத்ததில்லை. மேன் பக்கம் எழுதி வைக்கிறது. பிறகு முதற்பதிப்பின் தலைப்புகளில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: எடுத்துக்காட்டு. அதற்கென ஒரு தலைப்பு அங்கே இல்லை. பிற்பாடு பல பக்கங்களில் சேர்ந்தது. ஆனாலும் இன்று லினக்ஸில் அன்றாடம் புழங்கும் குனு அடிப்படைக் கட்டளைகளின் மேன் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். நிரல் தன்னைப் பற்றித் தரும் சுருக்க உதவியிலிருந்து இயந்திரமே தொகுத்துத் தந்தவை அவை. முழு விளக்கம் 'இன்ஃபோ' என்ற வேறொரு கையேட்டில் இருக்கிறது என்று கடைசியில் கை காட்டிவிடும். பெரும்பாலான பக்கங்களில் ஒரு எடுத்துக்காட்டுக்கூடக் கிடைக்காது.

ஏன் இப்படி? ஒருவரை ஒருவர் தெரிந்த ஒரு சின்னக் குழு தனக்காக எழுதிக்கொண்ட நினைவுக் குறிப்பு அது. அங்கே எல்லோருக்கும் கட்டளையின் பெயர் தெரியும். மறந்துபோன துணுக்கை உறுதி செய்துகொள்ளத்தான் பக்கம். பிறகு அந்தக் குழு உலகமாக விரிந்தது. கையேடு குழுவின் கையேடாகவே இருந்துவிட்டது. கேள்வி கேட்டு வருபவரிடம் 'முதலில் கையேட்டைப் படி' என்று நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து விரட்டும் ஒரு வழக்கம் அந்த உலகத்தில் உண்டு, அதற்கு நான்கெழுத்துச் சுருக்கமே இருக்கிறது. ஏட்டைத் தொடவிடாத ஆசானுக்கும் ஏட்டைத் தூக்கி மூஞ்சியில் எறியும் ஆசானுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் படிக்க வந்தவன் வெறுங்கையோடு போவது இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

அடுக்கு எவ்வளவு உள்வட்டக்காரர்களுடையது என்பதற்கு ஒரு சான்று. இருக்கும் அடைவை விட்டு இன்னொரு அடைவுக்குப் போக 'சிடி' என்று தட்ட வேண்டும். எல்லோரும் கற்கும் முதல் மூன்று நான்கு கட்டளைகளில் ஒன்று. பல லினக்ஸ் நிறுவல்களில் 'மேன் சிடி' என்று கேட்டால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பதில் வரும். காரணம் உண்டு. சிடி தனி நிரல் அல்ல, ஷெல்லின் உள்ளுறுப்பு. தனி நிரலாக இருந்தால் அது மட்டும் இடம் மாறிப் போய் முடிந்துவிடும், ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கும்; ஆகவே ஷெல்லுக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கிறது. நியாயமான காரணம். அதன் விளைவாக சிடிக்கான விளக்கம் 'பேஷ்' என்ற ஷெல்லின் மிக நீண்ட மேன் பக்கத்தில் எங்கோ கடைக்கோடியில் கிடக்கிறது. 'ஹெல்ப் சிடி' என்று கேட்டால் வரும். மேன், ஹெல்ப், இன்ஃபோ: எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ள, கட்டளை ஷெல்லுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'எக்கோ' இன்னும் வேடிக்கை. அது உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. மேன் பக்கம் வெளியே இருப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, உங்கள் ஷெல்லில் வேறொரு எக்கோ இருக்கக்கூடும், வழக்கமாக அதுதான் ஓடும், அதன் கையேட்டைப் பாருங்கள் என்று கைகழுவிவிடுகிறது. படித்து முடித்த பக்கம் நாம் தட்டிய சொல்லைப் பற்றியது இல்லை.

சரக்கு யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு வாசலில்தான் விலைப்பட்டியல் தொங்கும் என்பது உற்பத்தி செய்தவனின் ஒழுங்கு. வாங்க வருபவரின் ஒழுங்கு அதில் இல்லை. கணபதி பக்கத்து லேத் பட்டறைகளுக்குள் போய்ப் பாருங்கள், ஸ்பேனர்கள் அகரவரிசையில் தொங்குவதில்லை.

3

இந்த இடத்தில் தமிழ் படித்தவனுக்கு நிகண்டு ஞாபகம் வராமல் இருக்காது. 9ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்படும் சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று பத்து. பதினோராவது ஒருசொல் பல்பொருள். பன்னிரண்டாவது பல்பொருட் கூட்டத்து ஒருபெயர். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடி வருபவருக்கான அடுக்கு இது. யானைக்கு இன்னொரு பெயர் வேண்டும் என்றால் விலங்கின் பெயர்த் தொகுதிக்குப் போக வேண்டும். மேன் பக்கத்தின் எதிர்த்திசை. பதினோராம் தொகுதியின் தேவையையும் மேன் அறிந்தே இருக்கிறது: 'பாஸ்வேர்டு' என்பதன் குறுக்கமான 'பாஸ்வுட்' முதற் பிரிவில் கட்டளை, ஐந்தாம் பிரிவில் கோப்பு. ஒருசொல், இருபொருள். அதனால்தான் மேன் பக்கங்களைக் குறிக்கும்போது பெயருக்குப் பின்னால் பிரிவு எண்ணைப் போடுகிறார்கள்.

ஆனால் நிகண்டை எடுத்து ஆரத்தி காட்ட நான் வரவில்லை. பொருள்வாரி அடுக்கு என்பது எப்போதும் ஓர் உலகப் படிநிலையை உள்ளே வைத்திருக்கும். தெய்வம் முதலில், அடுத்து மனிதர், அதிலும் யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை, அப்புறம்தான் விலங்கும் மரமும். மிஷேல் ஃபூக்கோ 'சொற்களும் பொருள்களும்' (1966) நூலின் தொடக்கத்தில் போர்ஹேயின் கற்பனைச் சீனக் கலைக்களஞ்சியத்தைக் காட்டிச் சிரித்தது நம் பத்திரிகைகளில் பலமுறை எடுத்தாளப்பட்டுவிட்டது. சிரிக்கச் சீனாவரை போக வேண்டியதில்லை, திவாகரம் போதும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது.

1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டைச் செய்தபோது சொற்களை முதலெழுத்தின்படி வரிசையிட்டார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். அகரவரிசை ஒரு பெரிய சமத்துவவாதி. அதில் அம்மனும் அம்மியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், அரசனுக்குப் பின்னாலேயே அரணை வந்துவிடும். எங்கள் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் (1954 முதல் 1968 வரை) அகரவரிசைதான். அந்தப் பணியைத் தூக்கிப் பிடித்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் அவினாசிலிங்கம் செட்டியார் திருப்பூர்க்காரர். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் (2000) அப்படியே. யாரும் இதைக் கேள்வி கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அகரவரிசையின் சமத்துவத்துக்கு ஒரு நுழைவுக் கட்டணம் இருக்கிறது: பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாதவருக்கு அகராதியைவிட ஊமையான புத்தகம் கிடையாது. வீரமாமுனிவருக்கு இது புரிந்திருந்தது. அதனால்தான் அது 'சதுர்' அகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாசல்கள். சொல் தெரிந்து பொருள் தேடுபவருக்கு ஒன்று, பொருள் தெரிந்து சொல் தேடுபவருக்கு ஒன்று, இருசுடர், முக்கனி என்று கூட்டமாய் வருவனவற்றுக்கு ஒன்று, எதுகை தேடும் கவிராயருக்கு ஒன்று. சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அதற்குள் போகும் கேள்விகள் நான்கு.

பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் (முதல் தொகுதி 1751) ஆசிரியர் திதரோவும் அகரவரிசையைத்தான் எடுத்தார். அதன் ஊமைத்தனத்தை 'இதையும் பார்க்க' என்ற குறுக்குக் குறிப்புகளால் உடைத்தார். நரமாமிசம் உண்போர் பற்றிய கட்டுரையிலிருந்து நற்கருணைக்குக் கைகாட்டும் குறும்பெல்லாம் அதில் நடந்தது. அதே திதரோதான் காலுறை பின்னும் பொறியைப் பற்றி உறுப்பு உறுப்பாக எழுதினார். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டும் யாராவது அந்தக் கட்டுரையை ஒருநாள் தமிழில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தொழிலாளியின் கைப்பக்குவத்தை அச்சுக்குக் கொண்டுவருவது, அதற்கு ஓர் ஒழுங்கு கண்டுபிடிப்பது: மேன் பக்கத்தின் வம்சாவளி அங்கே போகிறது.

4

பவணந்தியின் ஊர் பெருந்துறை அருகே சீனாபுரம் என்று ஒரு கருத்து உண்டு. இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். நன்னூலின் பாயிரத்தில் நூல் எழுதுவதன் குற்றங்களும் அழகுகளும் உத்திகளும் பேசப்படுகின்றன. தமிழ்நாட்டில் தொழில்நுட்ப ஆவணம் எழுதுபவர்கள் அமெரிக்க நடைக் கையேடுகளைத் தேடி ஓடுகிறார்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்று மூன்று குற்றங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேன் பக்கங்களை அளந்தாலே பாதி வேலை முடிந்தது. உரையை அவர் காண்டிகை என்றும் விருத்தி என்றும் பிரிக்கிறார். சுருங்கிய உரையான காண்டிகைக்கு அவர் கேட்பது கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, அவற்றோடு வினாவும் விடையும். எவ்வளவு சுருக்கினாலும் எடுத்துக்காட்டு போகக்கூடாது. 1971இன் தலைப்புகளில் அதற்கு இடம் இல்லாததை இதோடு வைத்துப் பாருங்கள்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது இடுகுறி, காரணம் என்ற பெயர்ப் பாகுபாடு. 'எம்கேடிர்' என்ற கட்டளை ஆங்கிலம் அறிந்தவருக்குக் காரணப் பெயர்: அடைவு ஒன்றை உண்டாக்கு என்பதன் சுருக்கம். 'கேட்' கோப்புகளைத் தொடுத்துக் காட்டுவது. தொடுத்தல் என்பதற்கான நீண்ட ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து மூன்றெழுத்து. 'கிரெப்', பழைய எட் என்ற பதிப்புக் கருவியில் ஒரு வடிவத்தைக் கோப்பு முழுக்கத் தேடி அச்சிடு என்பதற்குத் தட்டிய எழுத்துகளின் கோவை. இதற்கு ஆங்கிலமும் போதாது, வரலாறு வேண்டும். 'ஆக்' செய்தவர்கள் மூவரின் பெயர்களின் முதலெழுத்து. அங்கேயே இடுகுறி ஆகிவிட்டது. தமிழ் வழியில் படித்து வருபவருக்கோ எல்லாமே இடுகுறி. இடுகுறிப் பெயர்களை அகரவரிசையில், அதுவும் அடுத்தவர் நெடுங்கணக்கில் அடுக்கிய ஒரு பட்டியல் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. தொலைபேசிப் புத்தகத்தைக் கொடுத்து 'உனக்கு நண்பன் ஆகக்கூடிய ஆளைக் கண்டுபிடி' என்பது மாதிரி.

பொருளிலிருந்து பெயருக்குப் போகும் வாசலும் யூனிக்ஸில் இருக்கிறது, மறுக்கவில்லை. 1979இல் வந்த ஏழாம் பதிப்புக் கையேட்டில் ஒரு புரட்டிய சொல்லடைவு இருந்தது. ஒவ்வொரு கட்டளையின் ஒருவரி விளக்கத்திலும் வரும் முக்கியச் சொல் ஒவ்வொன்றையும் பிடித்து அகரவரிசையில் நிறுத்தும் அடைவு. இன்று 'அப்ரோபோ' என்ற கட்டளை அந்த வேலையைச் செய்கிறது. ஒருவரி விளக்கங்களில் தேடி, பொருந்தும் பெயர்களைத் தரும். ஆனால் தேடும் சொல், எழுதியவர் பயன்படுத்திய அதே ஆங்கிலச் சொல்லாக இருக்க வேண்டும்.

இந்த ஒருவரி விளக்கங்களில் ஒன்று எனக்கு ஒரு சின்னக் கவிதைபோலவே ஆகிவிட்டது. கோப்பை நகர்த்தும் 'எம்வி' கட்டளையின் குனு மேன் பக்கத்தில், கோப்புகளை நகர்த்து என்று இருக்கும் வரிக்குள், அடைப்புக்குறிக்குள் பெயர் மாற்று என்று ஒரு சொல் கிடக்கிறது. பொறிக்கு இரண்டும் ஒரே காரியம். கோப்பு என்பது அதன் முகவரிதான், பெயரை மாற்றினாலும் இடத்தை மாற்றினாலும் மாறுவது முகவரி. மனிதருக்கு இரண்டும் வேறு. வீடு மாறுவதும் பேரை மாத்திக்கறதும் ஒண்ணா? யாரோ கேட்டிருக்கிறார்கள், பலபேர் கேட்டிருக்கிறார்கள், அந்தக் கேள்வியின் தடம்தான் அந்த அடைப்புக்குறி. செய்தவனின் ஒழுங்குக்குள் கேட்பவரின் குரல் அங்கே ஒரு சொல் அளவுக்கு நுழைந்திருக்கிறது.

5

தமிழில் என்ன நடந்திருக்கிறது? 1999 சென்னை மாநாட்டிலிருந்து 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டோடு சேர்ந்து நடந்த தமிழ் இணைய மாநாடு வரை நம் கணித்தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் என்ற மூன்று தூண்களைச் சுற்றியே வந்தது. தேவையான சண்டைகள். ஆனால் எழுத்து கிடைத்த பிறகு எதை எழுதுவது, எப்படி அடுக்குவது என்ற கேள்வி ஓரத்தில் நின்றது. அந்த ஓரத்தில் வேலை செய்தவர்கள் தன்னார்வலர்கள். 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழும் அதைச் சுற்றி இயங்கியவர்களும் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக் குவித்தார்கள். து. நித்யாவின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' போன்ற நூல்களை யாரும் எடுத்துப் படிக்கலாம், பகிரலாம். பாடமாக எழுதியவை என்பதால் அவற்றில் கட்டளைகள் ஒரு காரியத்தின் போக்கில் வருகின்றன. பார்வை நூலுக்கு அருகில் வருவது 2013இல் உலக அளவில் தொடங்கிய 'டிஎல்டிஆர்' பக்கங்கள். ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம், ஒருவரி விளக்கம், அதன்பின் அதிகம் போனால் எட்டு எடுத்துக்காட்டுகள். பவணந்தி பார்த்தால் காண்டிகை என்று ஒத்துக்கொண்டிருப்பார். அதில் தமிழுக்கும் ஓர் அடைவு இருக்கிறது. யார் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தமிழ்ப் பக்கத்துக்குப் போக, கிரெப் என்று ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். விடை தமிழில் இருக்கிறது, கேள்வி ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பக்கங்களை மொழிபெயர்த்தோம், அடுக்கை மொழிபெயர்க்கவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கம் ஆவணமும் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னது. அதற்கென உரிமங்கள் எழுதப்பட்டன. நகலெடுக்க உரிமை, திருத்த உரிமை, பகிர உரிமை, எல்லாம் உண்டு. விடுதலை உரிமத்தோடு நின்றுவிட்டது. அடுக்கைத் திருத்தவும் உரிமை இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

வணிக நிறுவனங்களில் இது இன்னும் மோசம். எம்.ஏ. முடித்துவிட்டு நான் சில வருடம் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு உதவிப் பக்கங்களைத் தமிழாக்கித் தரும் வேலை பார்த்தேன். வாக்கியங்கள் அட்டவணையாக வரும். எந்தப் பக்கத்தின் வாக்கியம், முன்னே என்ன, பின்னே என்ன என்று கேட்டால் அது உங்களுக்குத் தேவையில்லை என்பார்கள். 'அது' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். எது? தெரியாது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கரும்பு வெட்டுக்கு டன் கணக்கு மாதிரி.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. 'டபிள்யூசி' என்ற கட்டளை ஒரு கோப்பில் எத்தனை வரி, எத்தனை சொல், எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும். கொங்கு என்ற சொல்லை மட்டும் ஒரு கோப்பில் வைத்து, எழுத்துகளை எண்ணும் தெரிவோடு அதைக் கேளுங்கள். வரி முடிவுக் குறியை விட்டுவிட்டால், ஆறு என்று சொல்லும். பைட்டுகளைக் கேட்டால் பதினெட்டு. திண்ணைப் பள்ளிக் குழந்தையைக் கேட்டால் கொ, ங், கு, மூன்று என்று சொல்லும். யூனிகோடில் ககரம் ஓர் அலகு, ஒகரக் குறி ஓர் அலகு, ஙகரமும் புள்ளியும் தனித்தனி. மேன் பக்கத்தின் ஆங்கிலச் சொல்லை 'எழுத்து' என்று நேர்மையாக மொழிபெயர்த்தால் தமிழில் அது பொய்யாகிவிடுகிறது. தொல்காப்பியம் தொட்டு நாம் எழுத்து என்று எதைச் சொல்கிறோமோ அதை அந்தக் கட்டளை எண்ணவில்லை. கோப்பின் ஒவ்வொரு வரியிலும் இத்தனையாவது எழுத்தை மட்டும் வெட்டியெடு என்று சொல்லும் குனுவின் 'கட்' கட்டளை நெடுங்காலம் எழுத்தையும் பைட்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது; தமிழ்க் கோப்பில் ஓட்டினால் எழுத்தை நடுவில் அறுத்துக் குப்பையாகக் கொட்டும். இந்த இடங்களில் வேண்டியது உரை. தமிழ்ப் பக்கத்தில் மூலத்தில் இல்லாத ஒரு 'குறைகள்' பத்தி வேண்டும், அதை எழுதத் தமிழ் தெரிந்தவரால்தான் முடியும்.

இப்போது தமிழில் கேட்டாலே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துவிட்டனவே, இனிக் கையேடு எதற்கு என்கிறார்கள். வாசல் பிரச்சனை ஓரளவு தீர்ந்தது உண்மைதான், நானும் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பதிலுக்குப் பக்கத்துப் பக்கம் கிடையாது. தேடிப் போனதைத் தவிர வேறொன்று கண்ணில் பட வழியில்லை. 'உரியவர்' என்று போட்டு யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. இந்தக் காரியங்கள் எல்லாம் ஓர் இனம், இவை வேறினம் என்ற வரைபடம் கேட்பவர் மனதில் விழுவதே இல்லை. நாளைக்கு வேறு கேள்வி வந்தால் மறுபடியும் அதே திண்ணை.

6

சரவணம்பட்டியில் ஓர் அறையில் வாரக் கடைசிகளில் நாங்கள் சிலர் கூடுகிறோம். பாலிடெக்னிக் படிப்பவர்கள், பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், பவர்லூமை விட்டுவிட்டு வந்த ஒருவர். கட்டளைகளைப் பட்டியலிடாமல் கேள்விகளைப் பட்டியலிடுவது என்று ஆரம்பித்தோம். கேட்டவர் வாயில் வந்தபடியே எழுதி வைக்கிறோம். "இந்த ஃபைல்ல எத்தன வரி இருக்குதுன்னு எப்புடிப் பாக்கறதுங்?" "ரெண்டையும் ஒண்ணா ஒட்டோணும்." "நேத்து எழுதி வெச்சது எங்க போச்சுன்னே தெரியலீங்ணா." "அது பாட்டுக்கு ஓடீட்டே இருக்குது, நிறுத்தோணும்." "இத நான் தொடக்கூடாதுங்குது, ஆரு சொன்னா உடும்?" இந்தக் கடைசிக் கேள்வியில் கோப்பு உரிமை பற்றிய முழு அதிகாரமும் இருக்கிறது. ஒரு நோட்டு நிறைய இப்படிச் சேர்ந்தது.

அடுக்கிப் பார்த்தால் எல்லாம் வினைகளாக நின்றன. காண, தேட, எண்ண, ஒட்ட, பிரிக்க, நகர்த்த, அழிக்க, நிறுத்த. திவாகரத்தின் ஒன்பதாம் தொகுதியான செயல் பற்றிய பெயர்த் தொகுதியை எடுத்து வெளியே வைத்த மாதிரி. தெய்வமும் அரசனும் இல்லாத நிகண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். ரூட் என்ற சர்வாதிகாரப் பயனாளர் இருக்கிறாரே என்று இன்னொருவர் சிரித்தார். ஒவ்வொரு வினைக்குக் கீழும் கேள்வி, கேள்விக்குக் கீழே தட்ட வேண்டிய வரி, அந்த வரியை ஒரு தமிழ்க் கோப்பில் ஓட்டிப் பார்த்து வந்த விடை, தமிழுக்கு அது பிசகும் இடம். கடைசியில் கட்டளைப் பெயர்களின் அகரவரிசை தனியே வரும். அதை விட்டுவிட முடியாது, நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் கிரெப்பை கிரெப் என்றுதான் சொல்லியாக வேண்டும். தேடு என்ற புதுக் கட்டளையைச் செய்துகொள்ளலாம் என்ற ஆர்வமும் எங்களில் சிலருக்கு இருந்தது. பொறியில் மாற்றுப்பெயர் வைக்க வசதி உண்டு. அது அறைக்குள் நல்ல விளையாட்டு. அறைக்கு வெளியே அந்தப் பிள்ளையை இன்னும் ஒரு சுவருக்குப் பின்னால் தள்ளிவிடும் என்பது என் கட்சி. அந்தச் சண்டை ஓயவில்லை.

கேட் கட்டளையைக் 'காண' என்பதில் வைப்பதா 'ஒட்ட' என்பதில் வைப்பதா என்பதில் இரண்டு வாரம் போனது. செய்தவர்கள் ஒட்டுவதற்கென்று செய்தார்கள், பெயரிலேயே அது இருக்கிறது. கேட்டவர்களில் ஒருவர்கூட ஒட்டக் கேட்டு அங்கே போகவில்லை, எல்லோரும் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அதைத் தட்டுகிறார்கள். இரண்டிலும் வைத்து ஒன்றுக்கொன்று 'இதையும் பார்க்க' போடலாம் என்று முடிவாகியிருக்கிறது. எம்விக்கு இரண்டு பக்கங்கள், பெயர் மாற்ற ஒன்று, இடம் மாற்ற ஒன்று. கூறியது கூறல் குற்றம்தானே என்று தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னையே கேட்டார்கள். கேள்வி இரண்டாக இருக்கும்போது பதிலை இரண்டு இடத்தில் வைப்பது கூறியது கூறல் ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றின் வாயில் ஊற்றும் குழாய்க் குறி இருக்கிறதே, அந்த நெட்டுக்கோடு, அதற்கு எந்த நெடுங்கணக்கிலும் இடம் கிடையாது, மேன் பக்கமும் தனியாகக் கிடையாது, பேஷ் பக்கத்துக்குள் புதைந்து கிடக்கிறது. இவ்வளவு கட்டளைகளையும் ஒரு மொழியாக்குவது அந்தக் கோடுதான். அதை எந்த வினைக்குக் கீழ் வைப்பது என்று அடுத்த வாரம் பேசப்போகிறோம். 'கோத்துவிட' என்று பவர்லூம்காரர் ஒரு சொல் கொடுத்திருக்கிறார்.